காகிதம் வந்தது, விவரம் வரவில்லை

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார், அன்புள்ள டீச்சர்,

வணக்கம். பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று போர்டில்தான் இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், ரீசார்ஜ், மனு எழுதித் தருவது என்று எல்லாமே ஓடும். உங்களில் பலர் என் வாடிக்கையாளர்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டில், ஏற்ற வேண்டிய பட்டியலைச் சாயங்காலம் அவசரமாகப் பிரிண்ட் எடுக்க வருவீர்கள். "நாளைக்குள்ள அனுப்பலைன்னா மெமோ வரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே டீயை நின்றபடி குடித்துவிட்டுத் தருமபுரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். நீங்கள் போன பத்தாவது நிமிடம் அதே மேசைக்கு முன்னால் ஒரு அம்மா வந்து நிற்பார். கையில், நீங்கள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய காகிதம். "இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணா."

பள்ளிக்கூடமும் வீடும் இந்த மேசைக்குத் தனித்தனியாக வந்து போவதைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த மடல். எழுதுவதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். மகனும் மருமகளும் பெங்களூருவில் கட்டட வேலை. மூன்றாவது படிக்கிற பேத்தியும் ஆறாவது படிக்கிற பேரனும் பாட்டியின் பொறுப்பு. சுருக்குப்பையை அவிழ்த்து வெற்றிலை, பாக்கு, ரேஷன் கடை ரசீது எல்லாவற்றையும் என் மேசைமேல் பரப்பிவிட்டு, அடியிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தார். சுண்ணாம்பு பட்டு ஒரு மூலை வெளுத்திருந்தது. பிரித்துப் படித்தேன். "மேற்படி கூட்டத்தில் தங்கள் குழந்தையின் கற்றல் அடைவு குறித்து விவாதிக்கப்பட உள்ளதால் பெற்றோர்கள் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கூட்டம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நான் படித்து முடித்ததும் பாட்டி ஒன்றே ஒன்று கேட்டார். "எவ்வளவு கட்டணும் சாமி?"

பணம் ஒன்றும் இல்லை பாட்டி என்றேன். நம்பவில்லை. "பின்ன எதுக்குக் காயிதம் குடுத்து உட்டாங்க?"

அவர் சொல்வதும் நியாயம்தான். அவருடைய வயதுக்கு, முத்திரை குத்தி வீடு தேடி வந்த காகிதம் எதுவுமே ஒன்று பணம் கேட்டிருக்கும், இல்லையென்றால் மிரட்டியிருக்கும். சொசைட்டிக் கடன் நோட்டீஸ், கரண்டு ஆபீஸ் சீட்டு, பட்டா தகராறுக்கு வந்த சம்மன். பள்ளிக்கூடத்துக் காகிதம் மட்டும் வேறு ரகம் என்று அவருக்கு யார் சொன்னது? நாலு நாள் சுருக்குப்பையில் வைத்திருந்து, யாரிடமாவது கைமாற்று வாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு வராத பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கும். அதுகூட இல்லை. பெங்களூருவில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் மகன் பெயர்தான் ஏறியிருக்கும்.

"இந்த ஊர்ப் பெற்றோருக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல தம்பி" என்று மேசைக்கு முன்னால் நின்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள்மேல் கோபம் இல்லை. நாற்பது வீட்டுக்குச் சீட்டு அனுப்பி ஐந்து பேர் வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நாலு நாளும் அந்தச் சீட்டு சுருக்குப்பைக்குள் பத்திரமாக இருந்ததே, அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம். மாநிலம் 80ஐத் தொட்டபோது தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் நமக்கு. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள்தான் இன்றைக்கு உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிகள், தாத்தாக்கள், பல வீடுகளில் அப்பா அம்மாவும். அவர்களோடு நீங்கள் எழுத்தில் மட்டுமே பேசுகிறீர்கள். என் வழக்கு மொத்தமும் இதுதான்.

இப்படிப் பேசுவதால் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஆகிறது என்பதற்கு, கடையில் பார்த்ததைச் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கொத்தனார். கையெழுத்துப் போடத் தெரியாது. ராங்க் கார்டில் கைநாட்டு இருந்தால் பசங்கள் சிரிப்பார்கள் என்று ஏழாவது படிக்கும்போதே அவர் பெயரை நானே கையெழுத்தாகப் போடப் பழகிக்கொண்டேன். கொஞ்சம் கோணலாக, பெரியவர்கள் போடுகிற மாதிரி கடைசியில் ஒரு கோடு இழுத்து. மூன்று வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வருடமும் பள்ளிக்கூடம் என் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

பத்தாவது காலாண்டில் கணக்கில் 18 மார்க். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் வரலாம் என்றார்கள். அப்பா அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தார். செருப்பை வராந்தாவுக்கு வெளியே கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆசிரியர் நிமிர்ந்து பார்க்காமல் விடைத்தாளை நீட்டினார். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. "இவன் தேறமாட்டாம்ப்பா. வேற ஏதாச்சும் பாரு." அப்பா "சரிங்க சார்" என்றார்.

பேச்சு அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை நான் பெங்களூரு பஸ்ஸில் இருந்தேன். மாமா அங்கே சென்ட்ரிங் மேஸ்திரி. அப்பாமேல் எனக்கு இன்று வரை வருத்தம் கிடையாது. படித்தவர் சொல்லிவிட்டார், பையன் தேறமாட்டான் என்று. அப்புறமும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தால் அதுதான் பொறுப்பில்லாத்தனம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது வேறொரு ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "உங்க பையன் கணக்குல வழியெல்லாம் சரியாத்தான் போடறான். கடைசியில கழிக்கும்போது கடன் வாங்கறதுல தப்பு விடறான். நாலாவதுல விட்டுப்போன விசயம் அது. உக்காந்து சொல்லிக் குடுத்தா சரியாயிடும்." அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அஸ்திவாரம் பரவால்ல, மேல ஒரு வரிசைதான் நூல் தப்பியிருக்குங்கறீங்க" என்றார். அதேதான் என்றார் ஆசிரியர். "சரி, எத்தனை நாள் ஆவும் சார்?"

ஒரு ஆசிரியரிடம் என் அப்பா கேட்ட முதல் கேள்வி அது. மறு வருடம் நான் பரீட்சை எழுதினேன். கணக்கில் 61.

முதல் ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது தீர்ப்பு. தீர்ப்பு சொன்னால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டாமவர் விவரம் சொன்னார். விவரம் தெரிந்ததும் எழுத்தே தெரியாத கொத்தனார் தன் தொழில் பாஷையில் அதைப் புரிந்துகொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார்.

இனிமேல் கடைக்கு வருகிறேன்.

பால் வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி போன வருடம் ஆதார் திருத்தத்துக்கு வந்தவர், போகிற போக்கில் கேட்டார். "அண்ணா, பாப்பா மூணாவது படிக்குது. நான் மொட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. மொட்டுன்னா நல்லதா, கெட்டதா?" நீங்கள் சிரிப்பீர்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு அன்றாடம். நல்ல ஏற்பாடு, பெயரும் அழகு. பெயில் என்று ஒரு பிள்ளையையும் சொல்லாமல் அதனதன் நிலையிலிருந்து தூக்கிவிடுவது. ஆனால் மூன்றாவது படிக்கிற பிள்ளை மொட்டு என்றால் அது இரண்டாம் வகுப்பு நிலையில் நிற்கிறது என்று அந்த அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பூ பேரா இருக்கவும் நல்லாப் படிக்குதுன்னு நெனச்சு அவங்க ஆயாவுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேண்ணா."

அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியம். "நான் என்ன பண்ணணும்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் மகளின் டீச்சர் எனக்குச் சொன்னது அது. ராத்திரி பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நின்றால் "அப்புறம்?" என்று கேளுங்கள், கதை முடிந்ததும் அந்த நரி ஏன் அப்படிச் செய்தது என்று ஒரு கேள்வி போடுங்கள். கேட்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாட்டிக்கும் இது முடியும். எங்கள் ஊரில் கதை கேட்கத் தெரியாத பாட்டி உண்டா? ஆனால் "படி படி" என்று அதட்டுவதற்கு மேல் தன்னால் ஒன்றும் ஆகாது என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கதை இதைவிட மோசம்.

எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வருவாய்வழி, திறன்வழிப் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. நீங்கள் என்.எம்.எம்.எஸ். என்பீர்கள். தேறிவிட்டால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000. குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் பக்கம் பெரும்பாலான வீடு அதற்குள்ளேதான். ஒரு பள்ளியில் வகுப்பு ஆசிரியர் விவரத்தையெல்லாம் ஒழுங்காக பி.டி.எஃப்.பாக குரூப்பில் போட்டிருக்கிறார். குரூப்பில் இருந்த நம்பர் அப்பாவுடையது, ஏனென்றால் எமிஸில் இருப்பது அவர் நம்பர். அவர் இருந்தது பெங்களூரு சைட்டில். குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் அந்தத் தாளை அவர் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னது செவ்வாய்க்கிழமை. அந்த அம்மா என் கடைக்கு வந்தது கடைசி நாள் சாயங்காலம் நாலரைக்கு. வருமானச் சான்றிதழ் இல்லை. இன்றைக்கு விண்ணப்பித்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறி இறங்கி வர நாள் ஆகும். அந்தப் பெண் யூனிஃபார்மோடு கூடவே நின்றாள். அம்மா என்னைக் கேட்டார், "நாளைக்கு வாங்கிக்க மாட்டாங்களா?"

பிறகு அந்த ஆசிரியரை நான் பார்த்தேன். "குரூப்ல போட்டேனே" என்றார். போட்டார்தான். அவர் பக்கம் தப்பே இல்லை. அனுப்புவதோடு ஒரு வேலை முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் பழக்கிவிட்டிருக்கிறார்கள், அவருக்கும்தான்.

அதேபோல் பதினோராவது, பன்னிரண்டாவது பெண்பிள்ளைகளின் வீடுகள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020லேயே வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்ட வீட்டில் இந்தச் செய்தி யார் வாய் வழியாக, எந்த மாதத்தில் போய்ச் சேர்கிறது என்பதில் ஒரு பெண்ணின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் சொல்வது பந்தி முடிந்து இலை போடுவது மாதிரி.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மகள் படிக்கிற நடுநிலைப் பள்ளியில் நானும் ஒரு உறுப்பினர். 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிப்பதை அவருடைய கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 2022ல் மாநிலம் முழுக்கக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் தாய்மார்கள் எங்கே இருப்பார்கள்? களை எடுக்கப் போனவர் பாதியில் வந்தால் அரை நாள் கூலி போச்சு. மாடு வைத்திருப்பவர் தண்ணீர் காட்டி, பால் கறந்து, சொசைட்டி வண்டி வருவதற்குள் நிற்கணும். ஆகவே நாலு பேர் வருவோம், அதில் மூன்று பேருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துவீடு. அப்புறம் தீர்மான நோட்டு வீடு வீடாகப் போகும். ஒருமுறை என் கடைக்கே வந்தது. கல்லாவில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன தீர்மானம் என்று கேட்கவில்லை. அப்பா பெயரைப் போட்ட கைதானே, பழக்கம் விடுமா? உங்களை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கூட்டம் வேறு மாதிரி நடந்தது. காலனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், இருவரும் வாசல் நிலையைத் தாண்டவில்லை. ஹெச்.எம். உட்காரச் சொன்னார். "இருக்கட்டுங்க சார்." மறுபடி சொன்னார். "பரவால்லீங்க." மூன்றாவது தடவை அவரே எழுந்து போய் இரண்டு நாற்காலியைத் தூக்கிவந்து எங்கள் வரிசையிலேயே போட்டார். உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் அதில் ஒருவர் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, அதனால் தன் மகள் மத்தியானச் சோறு சாப்பிட்டதும் வீட்டுக்கு வந்துவிடுகிறாள் என்று. எட்டாவது படிக்கிற பெண். வருகைப் பதிவேட்டில் அவள் முழுநாளும் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் நடக்கிற கணக்குப் பாடம் மாதக்கணக்காக அவளுக்கு இல்லாமலே போயிருக்கிறது. எந்தச் செயலியிலும் எந்தப் படிவத்திலும் வராத விவரம், இரண்டு நாற்காலி போட்டதும் வந்தது.

வீட்டில் இருந்து பள்ளிக்கு வர வேண்டிய விவரங்கள் இப்படி நிறைய உண்டு. ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிற ஒரு அம்மா ஸ்டிக்கர் அடிக்க வருவார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவர் மகன்தான் காசு வாங்கிப் போடுவான், ஆறாவது படிக்கிறான். மூன்று தட்டு மீன், இரண்டு பாட்டில் தண்ணீர், நீட்டுவது 500 ரூபாய் நோட்டு. எண்ணெய்ச் சட்டியில் மீன் திரும்புவதற்குள் மீதியை எண்ணிக் கொடுத்துவிடுவான். அவனுடைய ராங்க் கார்டை லேமினேட் பண்ணக் கொண்டுவந்தபோது பார்த்தேன், கணக்கில் அவன் மார்க்கைப் பார்த்தால் கழித்தலே வராத பையன் என்று தோன்றும். அவனுக்கு வராதது கழித்தல் இல்லை, தாளில் கழித்தல். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் ஆசிரியருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவராகவும் சொல்ல மாட்டார். பையனைக் கடையில் நிறுத்தியது தெரிந்தால் திட்டுவார்கள் என்ற பயம்.

ஒகேனக்கல்லைத் தாண்டி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் போனால் அஞ்செட்டி, தளிப் பக்கமெல்லாம் பாதி வீடுகளில் கன்னடமோ தெலுங்கோதான் பேச்சு. நம் அரூர்ப் பக்கம் தாண்டாக்கள், அதாவது லம்பாடி பேசுகிறவர்களின் குடியிருப்புகள். பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், அம்மாக்கள் படிக்கவில்லை. அங்கே ஆசிரியருக்கும் அம்மாவுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் யார் என்றால் அந்தப் பிள்ளையேதான். அஞ்செட்டியில் கட்டிக்கொடுத்த என் சித்தி மகள் சொல்லிச் சிரிப்பாள். ஆசிரியர் ஐந்து நிமிடம் கோபமாக ஏதோ பேசினாராம். சார் என்ன சொல்றார் என்று பக்கத்துவீட்டு அம்மா மகனைக் கன்னடத்தில் கேட்க, "நல்லாப் படிக்கிறேன்னு சொல்றார்" என்றானாம். அந்த அம்மா ஆசிரியரைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உங்கள் சுமை எனக்குத் தெரியும் சார். இரண்டே ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஐந்து வகுப்பு, அதற்குமேல் பதிவேடு, காலை உணவுக் கணக்கு, போட்டோ, ஆன்லைன் பயிற்சி. பாதியை அடித்துக் கொடுப்பதே நான்தானே. இந்த வேலைகளுக்கு நடுவில் வீடு வீடாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சைக்கிளில் வந்த என் ஆசிரியர் மாதிரி எல்லோரும் இருக்கணும் என்றால் அது நடக்கிற காரியமும் இல்லை.

நடந்த காரியம் ஒன்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது எங்கள் தெருவுக்கு வந்த தன்னார்வலர் எங்கள் தெருப்பெண்ணேதான். கூட்டம் எதுவும் அவள் போடவில்லை. குழாயடியில் குடம் நிரம்புகிற நேரத்தில், "அக்கா, உன் பையன் ஏழாம் வாய்ப்பாட்டுல நிக்கிறான், சோறு போடும்போது கேளு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய பெற்றோர் சந்திப்பு. அந்த ஒரு வருடம் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று தெருவுக்கே தெரியும்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்கிற நேரத்தில் பாதி போதும், போனில் ஒரு நிமிடம் உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். பி.டி.எஃப்.பைத் திறக்கத் தெரியாத பாட்டிக்கும் குரல் பதிவை அமுக்கிக் கேட்கத் தெரியும், பெங்களூருவிலிருந்து மகன் அனுப்புவதைத் தினமும் கேட்கிறார்களே. எமிஸில் அப்பா நம்பர் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் வகுப்பு நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, ராத்திரி இந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார், அவர் நம்பர் என்ன என்று எழுதி வையுங்கள். பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், பக்கத்துவீட்டு அக்காவாகவும் இருக்கலாம். பேச வேண்டியது அவரிடம்.

வருடத்தின் முதல் போன் புகாராக இருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதோ என்று பதறுகிற வீடுகள் இவை. ஜூன் மாதத்தில் ஒரு தடவை, உங்க பொண்ணு நல்லாப் பாடுது, கையெழுத்து அழகா இருக்கு என்று உண்மையாகவே பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆகஸ்டில் நீங்கள் சொல்கிற குறைக்குக் காது இருக்கும். குறை சொல்லும்போதும் "படிக்கவே மாட்டேங்கறான்" வேண்டாம். எதில் நிற்கிறான், வீட்டில் என்ன செய்யலாம், இரண்டு வாக்கியம் போதும்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது சுற்றறிக்கையோடு ஊர்ப் பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பெங்களூருவிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். முதல் நாள் ராத்திரியே பஸ் நிரம்பி வரும். மறுநாள் காலையில் கோவில் திடலிலோ பள்ளியிலோ ஒரு மணிநேரம் வைத்தால் வருடம் முழுக்கப் பார்க்க முடியாத அப்பாக்கள் நாற்பது பேர் கிடைப்பார்கள். பொங்கலும் அப்படித்தான், மாரியம்மன் பண்டிகையும் அப்படித்தான். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. அதில் ஒரு கால்மணி நேரம் பள்ளிக்கூடத்துப் பேச்சுக்குக் கேட்டு வாங்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அது எங்கள் வேலை.

என் பங்குக்கு ஒன்று. நோட்டீஸ் அடிக்க என் கடைக்கு வந்தால் மேற்படி, கற்றல் அடைவு, கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பேசுகிற தமிழில், பெரிய எழுத்தில் நானே மாற்றி அடித்துத் தருகிறேன். "பணம் எதுவும் கட்ட வேண்டாம்" என்று மேலே முதல் வரியாகப் போட்டுவிடுவேன். தாளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

அந்தப் பாட்டியை அன்றைக்கு அப்படியே அனுப்பிவிட மனம் வரவில்லை. நோட்டீஸில் இருந்த நம்பருக்கு என் போனிலிருந்து அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். டீச்சர் எடுத்தார். பள்ளி விட்டுப் பஸ்ஸில் இருந்தார் போல, பின்னால் ஹாரன் சத்தம். பாட்டி போனைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டார். முதலில் கேட்டது, "பாப்பா மத்தியானம் சோறு தின்னுதுங்களா?" டீச்சர் சிரித்துவிட்டுத் தின்னுது பாட்டி என்றார். பிறகு பேத்தி கதை நன்றாகச் சொல்கிறாள், புள்ளி வைத்த எழுத்து வருகிற சொல்லில்தான் தடுமாறுகிறாள் என்று நிதானமாகச் சொன்னார். ராத்திரி என்ன செய்யணும் என்பதையும் சொன்னார். பாட்டி ஒவ்வொன்றுக்கும் "ஆவட்டும், ஆவட்டும்" என்றார்.

போனை வைத்துவிட்டு அடுத்த கூட்டம் எப்போது என்று என்னைக் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். தேதி முடிவானதும் கடைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் டீச்சர். வெள்ளிக்கிழமை மூன்று மணி மட்டும் வேண்டாமாம். ஆடுகளை ஓட்டி வந்து பட்டியில் அடைக்க ஆறு மணி ஆகிவிடும் என்கிறார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
பென்னாகரம்